பிலோமினா டீச்சருக்காக மூன்று அங்குலம்

போன மாசம் மந்தைவெளியில் நான் கடைசியாக வேலை பார்த்த ஷெட்டுக்குப் போயிருந்தேன். ரிட்டயர் ஆகி வருஷம் பல ஆச்சு. ஆனாலும் வாரத்துக்கு ஒரு தடவை கிரீஸ் வாசனை பிடிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அங்கே பையன்கள் ஒரு காரைத் தரையோடு தரையாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது அது ஸ்டைலாம்.

"பெரியவரே, ஸ்பிரிங்கை மட்டும் மாத்திட்டா போதுமா, ஷாக் அப்சர்பரையும் மாத்தணுமா? ஓனர் ஷாக் வாணாங்கிறாரு. நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கேட்டார்கள்.

ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் இதே கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லித்தான் நான் ஒரு அம்மாவின் இடுப்பை இரண்டாம் தடவை ஒடிக்கப் பார்த்தேன். அதனால் அவர்களை உட்கார வைத்து முழுக்கச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன். நான் எழுதினால் இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் இருக்கும். நான் லஸ் பக்கத்தில் ஒரு ஷெட்டில் மெக்கானிக். நட்டையும் போல்ட்டையும் மண்ணெண்ணெயில் கழுவியது மூன்று வருஷம், வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தது நாலு வருஷம். தொழில் கற்றுக்கொண்ட கதை இவ்வளவுதான். எங்கள் ஷெட்டுக்கு மேஸ்திரி வரதராஜுலு நாயுடு. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, கோட்டுப் பையில் ஒரு கடிகாரம், ஒரு சாக்பீஸ். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. தப்பு செய்தவன் பக்கத்தில் வந்து சும்மா நிற்பார். நாமே தப்பை ஒப்புக்கொண்டுவிடுவோம்.

வேலை முடிந்த வண்டியை அவர் பார்க்கிற முறை ஒன்று உண்டு. சக்கரத்துக்கு மேல் இருக்கிற மட்கார்டில் கைக்குட்டையை விரிப்பார். அதன் மேல் உள்ளங்கையை வைத்து ஒரே அமுக்கு. வண்டி இறங்கி, ஏறி, நிற்க வேண்டும். மறுபடி ஆடினால் ஷாக் போச்சு என்று அர்த்தம். நாலு மூலையிலும் அமுக்கிப் பார்த்துத் திருப்தியானால் முன் டயரில் சாக்பீஸால் ஒரு டிக் போடுவார். அந்த டிக் இல்லாமல் ஒரு வண்டியும் வாசலைத் தாண்டாது, அது ஜமீன்தார் வண்டியாக இருந்தாலும் சரி.

இன்னொரு சட்டமும் உண்டு. கஸ்டமர் உட்காருகிற பின் சீட்டில் ஷெட் ஆள் யாரும் உட்காரக் கூடாது. டிரைவர் சீட்டில்கூட நியூஸ் பேப்பர் விரித்துத்தான் உட்கார வேண்டும். "அவங்க வெள்ளை வேட்டி, பட்டுப் புடவையோட உக்கார்ற இடம் நைனா. உன் கிரீஸ் அங்கே எதுக்கு?" என்பார். நல்ல சட்டம்தான். அந்த நல்ல சட்டம்தான் எங்களைக் கவிழ்த்தது.

ஒரு நாள் சாந்தோமிலிருந்து அந்தோணிசாமி என்று ஒருவர் வந்தார். ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய கார் வாங்கியிருந்தார். "இதை மூணு அங்குலம் கீழே இறக்கணும்" என்றார். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் காலத்தில் ரோடு இருந்த லட்சணத்துக்கு வண்டியை ஏற்றிக் கொடு என்று கேட்பவர்கள்தான் உண்டு. மேஸ்திரி சிரிக்கவில்லை. "யாருக்கு?" என்று மட்டும் கேட்டார். "எங்க அக்காவுக்கு" என்றார் அவர்.

நாங்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்தோம். அக்கா பிலோமினா டீச்சர். அடையாற்றில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மழை நாளில் பள்ளிக்கூட மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, எட்டு மாசம் படுக்கை. இப்போது இரண்டு கக்கத்திலும் கட்டை வைத்து நடக்கிறார். இடது கால் மடங்காது. நடப்பார், ஏற மாட்டார். ரிக்‌ஷா, ஜட்கா வண்டி எல்லாமே உயரம்.

வரிசையாக நாலு முக்காலி போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றும் ஒரு உயரம். நாங்கள் பார்க்க, முதுகைக் காட்டி ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து காட்டினார். மூன்றாவதில் உட்கார்ந்தார். நாலாவதில் முடியவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"பார்த்துக்கிட்டீங்களா? பத்தொன்பது அங்குலம். அதுக்கு மேல என்னால முடியாது. இந்த வண்டி சீட் இருபத்து மூணு. மெத்தையில ஒண்ணு குறைக்கலாம். மிச்சம் மூணு" என்றார். அவர் சொன்னபடி அடிக்கோல் வைத்துப் பார்த்தோம். நூல் பிசகவில்லை.

"நாங்க ரெண்டு பேர் தூக்கி வச்சுட்டா முடிஞ்சு போச்சு. அக்கா கேட்கவே மாட்டேங்குது" என்றார் தம்பி.

டீச்சர் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார். "லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறக்கிற அன்னிக்கு என் கால்ல நடந்து வகுப்புக்குள்ள வரணும், இல்லேன்னா வேற டீச்சரைப் போட்டுக்குவோம்னு எழுதிட்டாங்க. பள்ளிக்கூட வாசல்ல என்னை மூட்டை மாதிரி இறக்கி வச்சா, அந்தப் பிள்ளைங்க முன்னாடி எந்த முகத்தோட நான் நிக்கிறது? எனக்குன்னு இருக்கிறது அந்த வகுப்பு ஒண்ணுதான். நானா ஏறுவேன், நானா இறங்குவேன்."

பள்ளிக்கூடம் திறக்க முப்பது நாள் இருந்தது. மேஸ்திரி கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். எதற்கென்று தெரியாது. பிறகு "ஆவும்மா" என்றார்.

வண்டியை இறக்குவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து வண்டி வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளின் மேல் நிற்கும். அந்த வளைவைக் குறைத்தால் வண்டி இறங்கும். நாலு கட்டுப் பட்டையையும் கழற்றிச் சிந்தாதிரிப்பேட்டை காதர் பாய் பட்டறைக்குக் கொண்டு போனோம். பாய் நெருப்பைக் காட்டவே மாட்டார். "சூடு காட்டினா அது பட்டை இல்ல, தகரம்" என்பார். பழைய வளைவைத் தரையில் சாக்பீஸால் வரைவார். புது வளைவை அதற்குள் வரைவார். பச்சையாகவே பட்டையைப் பட்டடையில் வைத்து, ஒரு சாண் அடித்து, கோட்டில் வைத்துப் பார்த்து, மறுபடி ஒரு சாண். ஆறு நாள் அடித்தார். திரும்பப் பூட்டியபோது வண்டி மூன்று அங்குலம் இறங்கி அம்சமாக உட்கார்ந்தது. பின் சீட் மெத்தையிலும் ஒரு அங்குலம் குறைத்தோம்.

அப்போதுதான் இந்தக் கேள்வி வந்தது. ஷாக்கை மாற்றணுமா?

ஸ்பிரிங் வண்டியைத் தாங்கும். ஆனால் ஒரு மேட்டில் ஏறினால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக். இப்போது வருவது சைக்கிள் பம்பு மாதிரி நீளமாக இருக்கும். அன்றைக்கு அது எண்ணெய் அடைத்த இரும்பு டப்பா. வண்டியின் சட்டத்தில் முடுக்கியிருக்கும். அதிலிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கையையும் கீழே இருக்கிற அச்சையும் ஒரு கம்பி சேர்க்கும். சக்கரம் ஏறி இறங்கினால் கையும் ஏறி இறங்கும். உள்ளே இருக்கிற எண்ணெய் அதை இழுத்துப் பிடிக்கும். அவ்வளவுதான்.

புது ஷாக் கப்பலில் வர வேண்டும். மூன்று மாசம் ஆகும் என்றார்கள். மேஸ்திரி கைக்குட்டையை விரித்தார். நாலு மூலையிலும் அமுக்கினார். வண்டி இறங்கி, ஏறி, டக்கென்று நின்றது. ஒரு சின்ன ஆட்டம்கூட இல்லை. என் வாய் சும்மா இருக்குமா? "ஷாக்கெல்லாம் கல்லு மாதிரி கீது மேஸ்திரி. மாத்தவே வாணாம்" என்றேன். வண்டிக்கு அடியில் கிடந்து பூட்டியவன் நான். பின் ஷாக்கின் கை வழக்கத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றதை இந்தக் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் சொல்லவில்லை. வண்டி அவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தது, அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். என் தப்புதான்.

நான் மட்டும் நியூஸ் பேப்பர் விரித்து உட்கார்ந்து அடையாறு வரை ஓட்டிப் பார்த்தேன். பூ மாதிரி போனது. மேஸ்திரி டிக் போட்டார்.

மறுநாள் காலை சாந்தோமில் டீச்சர் முதுகைக் காட்டி நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு, சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி உள்ளே வைத்தார். யாரும் தொடவில்லை. அவர் கண் கலங்கியது, எனக்கும்தான். தம்பி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "பள்ளிக்கூடம் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்றார் டீச்சர்.

அடையாறு பாலம் ஆரம்பிக்கிற இடத்தில் அப்போது ரோடு ஒரு மேடு தட்டியிருக்கும். நான் வேகமாகக்கூடப் போகவில்லை. டமால் என்று கீழே ஒரு அடி. "சேசுவே!" என்று பின்னால் ஒரு அலறல். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை. இறங்கிப் பார்த்தால் இடது பக்கப் பின் ஷாக்கின் கை முறிந்து தொங்குகிறது. டீச்சர் தம்பியின் தோளைக் கடித்துக்கொண்டிருந்தார், சத்தம் வெளியே வரக் கூடாதென்று.

எலும்பு விலகவில்லை, பத்து நாள் அசையக் கூடாது என்றார் டாக்டர். பள்ளிக்கூடம் திறக்கப் பதினாறு நாள். தம்பி என்னை வாசலிலேயே நிறுத்தினார். "வண்டியும் வேணாம், வேலையும் வேணாம். ராஜினாமா எழுதச் சொல்லிட்டேன். கிளம்புய்யா."

உள்ளேயிருந்து டீச்சர் குரல் வந்தது. "அந்தோணி, அவனை உள்ள விடு."

கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். "கன்னியப்பா, கணக்கு தப்பாப் போச்சுன்னா நான் பிள்ளைங்களை அடிக்க மாட்டேன். எந்த வரியில தப்புன்னு கண்டுபிடிச்சுட்டு வான்னு திருப்பி அனுப்புவேன். ராஜினாமா எழுதிட்டேன். தலையணைக்கு அடியில இருக்கு. இன்னும் குடுக்கல. நீ போய் எந்த வரின்னு பாரு" என்றார்.

நேரே ஷெட்டுக்கு வந்தேன். பாலத்திலிருந்து வண்டியை அங்கேதான் கொண்டு வந்து நிறுத்தியிருந்தோம். முறியாத வலது பக்கப் பின் ஷாக்கைக் கழற்றி வைஸில் இடுக்கிப் பிடித்துக் கையை மேலும் கீழும் அசைத்தேன். கனமாக, ஒரே சீராக நகர்ந்தது. கெட்டுப்போன ஷாக்கே இல்லை! அப்புறம் எதற்கு முறிந்தது? மண்டை காய்ந்துவிட்டது. அந்த ஷாக்கைத் திரும்பப் பூட்டினேன். டீச்சர், அவர் தம்பி எடைக்கு மணல் மூட்டைகளைப் பின் சீட்டில் அடுக்கினேன். அடியில் போய்ப் படுத்துப் பார்த்தேன். மூட்டை ஏறினதும் ஷாக்கின் கை மேலே போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு மேல் போக ஒரு நூல் இடம் இல்லை.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வெள்ளைச் சட்டையோடு தரையில் மல்லாந்து உள்ளே போனார். அவர் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை. ரொம்ப நேரம் வரவில்லை. வந்ததும் மட்கார்டில் கைக்குட்டைகூட விரிக்காமல் அமுக்கினார். வண்டி டக்கென்று நின்றது.

"நைனா, இது ஷாக் பிடிச்சு நிக்கல. போக இடம் இல்லாம நிக்குது" என்றார். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "இந்தக் கைய நம்பி டிக் போட்டேன்."

"நான்தான் மேஸ்திரி பார்த்தேன். கை தூக்கிக்கினு இருந்திச்சு. வாயத் திறக்கல."

பக்கத்தில் வந்து சும்மா நின்றார். அதற்கு இரண்டு அறை கொடுத்திருக்கலாம். பிறகு, "பின் சீட்டில குந்திப் பார்த்தவன் யாரு? நீயும் இல்ல, நானும் இல்ல. அந்தம்மாதான் முதல்ல குந்திச்சு" என்றார். அதோடு விட்டார். கோட்டை மாட்டிக்கொண்டு, "இன்னும் எவ்ளோ நாள் கீது?" என்றார். "பதினாறு மேஸ்திரி."

வண்டி மூன்று அங்குலம் இறங்கியது. ஆனால் கையையும் அச்சையும் சேர்க்கிற கம்பி பழைய நீளத்திலேயே இருந்தது. அதுதான் கையை மேலே தள்ளியிருக்கிறது. ஏழு அங்குலக் கம்பியை நாலு அங்குலமாக்கினோம். நாலு சக்கரத்துக்கும். கை பழையபடி நடுவில் வந்து நின்றது. ஏறவும் இடம், இறங்கவும் இடம். முன் சக்கரத்து ஷாக் இரண்டையும் மாற்றவில்லை. எண்ணெய் மட்டும் மாற்றினோம். முறிந்துபோன பின் ஷாக்குக்கு மட்டும் வேறு வழி இல்லை. ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தளர்ச்சி. அது இன்னும் மோசம். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

காதர் பாயிடம் ஓடினேன். "அந்த டீச்சரம்மா எப்படிக் கீது?" என்றுதான் முதலில் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். உடனே பட்டறையைப் பூட்டிவிட்டு என்னோடு கிளம்பினார். மிலிட்டரிக்காரன் யுத்தம் முடிந்து ஏலத்தில் தள்ளிய சாமான் குவியல்களை ஒவ்வொரு இடமாக நாலு நாள் கிளறினோம். ஐந்தாம் நாள் ஒரு ஜோடி கிடைத்தது. கனமான வண்டிக்குச் செய்தது, ரொம்ப இறுக்கம்.

அதைத் தளர்த்திய விதத்தைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஷாக்கை வைஸில் நிறுத்தினோம். கையின் நுனியில் ஒரு எடைக்கல்லைத் தொங்கவிட்டோம். கை மேலிருந்து கீழே வர எத்தனை வினாடி என்று மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். இந்த வண்டியின் பழைய ஷாக் பன்னிரண்டு. மிலிட்டரி ஷாக் முப்பதைத் தாண்டியது. உள்ளே இருந்த எண்ணெயை வடித்துவிட்டு, விளக்கெண்ணெயில் ஸ்பிரிட் கலந்து ஊற்றினோம். இருபத்து நாலு. இன்னும் கொஞ்சம் ஸ்பிரிட். பதினெட்டு. இரண்டு டப்பாவும் ஒரே எண்ணிக்கைக்கு வருகிற வரை மூன்று நாள் இதே வேலை. கடைசியில் இரண்டும் பன்னிரண்டில் வந்து நின்றன. "இன்னொரு தபா" என்றார் மேஸ்திரி. மறுபடி பன்னிரண்டு.

பூட்டி முடித்ததும் மேஸ்திரி பின் கதவைத் திறந்தார். கோட்டைக் கழற்றி உள்பக்கம் வெளியே தெரிகிறபடி சீட்டில் விரித்தார். அதன் மேல் உட்கார்ந்தார். ஷெட்டே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. பக்கத்தில் ஒரு மணல் மூட்டை. "எனக்கும் இடுப்பு வலி கீது. அதுக்குத் தெரியும். ஓட்டு" என்றார்.

பாலத்து மேட்டை ஏழு தடவை ஏறி இறங்கினோம். ஒவ்வொரு தடவையும் "இன்னொரு தபா". மெதுவாக, வேகமாக, ஒரு சக்கரம் மட்டும் ஏறுகிற மாதிரி. ஏழாம் தடவை திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "போதும். ஷெட்டுக்குப் போ" என்றார்.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். மாற்றணுமா வேண்டாமா என்று ஓனரையும் கேட்காதே, என்னையும் கேட்காதே. ஆளை ஏற்றி உட்கார வை. ஷாக்குக்கு மேலேயும் கீழேயும் போக இடம் இருக்கிறதா என்று அடியில் படுத்துப் பார். இடம் இல்லையென்றால் நேற்று வாங்கிய ஷாக்கும் உடையும். அப்புறம் பின் சீட்டில் நீ உட்கார்ந்து போ.

பள்ளிக்கூடம் திறக்கிற நாள் காலை, வண்டியை எடுக்கும்போது மேஸ்திரி டிக் போடவில்லை. சாக்பீஸை என் கையில் வைத்தார். "நீ போய்ச் சேர்ந்ததும் போடு" என்றார். சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

முந்தின நாளே போய் எந்த வரியில் தப்பு என்று டீச்சரிடம் சொல்லியிருந்தேன். சாந்தோமில் தம்பி கேட்டைத் திறந்து வைத்திருந்தார். டீச்சர் உட்கார்ந்தார், காலைத் தூக்கி உள்ளே வைத்தார். தம்பி கை நீட்டினார். டீச்சர் கட்டையால் அதைத் தட்டிவிட்டார். தம்பி மறுபக்கம் ஏறி உட்கார்ந்தார். பாலம் வந்தது. அந்த மேட்டுக்கு முன்னால் என் கால் தானாக பிரேக்கை அழுத்திவிட்டது. வண்டி நின்றேவிட்டது.

"ஏன் நிறுத்தினே?" என்றார்.

"டீச்சர்... இந்த இடம்..."

"தெரியும். போ."

போனேன். முன் சக்கரம் ஏறியது, இறங்கியது. பின் சக்கரம் ஏறியது. இறங்கியது. பின்னால் சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். டீச்சர் தம்பியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். மெதுவாக விட்டார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

தம்பி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். டீச்சர் காலை வெளியே வைத்தார், கட்டையை ஊன்றினார், எழுந்து நின்றார். புடவையைச் சரிசெய்துகொண்டார். உள்ளே மணி அடித்தது. நான் டிக் போடப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"அதைக் குடு இப்படி. வகுப்புல இருக்கோ இல்லையோ" என்று வாங்கிக்கொண்டு, கட்டை சத்தம் கேட்க உள்ளே போனார்.

ஷெட்டுக்குத் திரும்பினேன். மேஸ்திரி வாசலிலேயே நின்றிருந்தார். முன் டயரைக் குனிந்து பார்த்தார்.

"டிக் எங்கே?"

"சாக்பீஸை டீச்சர் எடுத்துக்கினு போய்ட்டாங்க மேஸ்திரி. கிளாஸுக்கு."

நிமிர்ந்தார். "அப்ப வண்டி பாஸ்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.